கீழ்வீட்டு சீலிங் சொல்லும் சேதி
மும்பை அடுக்குமாடிகளில் குளியலறை ஒழுகினால் முதலில் கதவைத் தட்டுபவர் பிளம்பர் அல்ல, கீழ்வீட்டுக்காரர். அவருடைய சீலிங்கில் ஈரத்திட்டு. உடனே மேல்வீட்டில் புது டைல்ஸ், புது ஷவர் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மூடிய பிறகும் ஷவர் சொட்டினால் பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் காரணம். சில ரூபாயில் தீரும். (நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்குச் சுமார் 20 லிட்டர் வீண்.) சீலிங் ஈரத்துக்கு வேறு சோதனை: வடிகால் வாயை அடைத்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்க வேண்டும். கீழே ஈரம் அதிகமானால் கோளாறு தளத்தில். அதை உடைத்துத்தான் ஆகவேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டலாம் என்கிற மேஸ்திரியின் யோசனை அழகுக்கு உதவும், கசிவுக்கு உதவாது. தளத்தில் கசிவு இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் குழாயைச் சந்தேகிக்கலாம். செலவு யார் தலையில்? மகாராஷ்டிர வீட்டுவசதி சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, வெளிப்புறப் பொதுக் குழாய் என்றால் சங்கம். குளியலறைக்கு உள்ளே என்றால் வீட்டுக்காரர். கீழ்வீட்டு பெயின்ட் செலவுக்குத்தான் மாடிப்படியில் சண்டை.