பல்பு நம்ம வீட்டில்... சுவிட்ச் அமெரிக்காவில்! ஸ்மார்ட் ஹோம் பொருள் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

2025 அக்டோபர் 20, தீபாவளித் திருநாள். நம்மூரில் மதியச் சாப்பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசானின் டேட்டா சென்டர்களில் ஒரு கோளாறு. கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்கப் பல செயலிகள் படுத்துவிட்டன. 'அலெக்ஸா' பலருக்குப் பதில் சொல்லவில்லை. வாசலில் மாட்டும் 'ரிங்' கேமராக்கள் முடங்கின. 'எய்ட் ஸ்லீப்' என்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த ஸ்மார்ட் மெத்தைகூடத் தப்பவில்லை. சிலருக்குச் சூடு குறையவில்லை, சிலருக்குக் கட்டில் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது.

"மெத்தைக்கு எதுக்குங்க இன்டர்நெட்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பண்டிகைத் தள்ளுபடியில் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பூட்டு, கேமரா என்று வாங்கிப் போடும் நாமும் இதைக் கேட்டாக வேண்டும்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது?

சாதாரண பல்புக்கும் சுவிட்சுக்கும் நடுவில் இருப்பது ஒயர் மட்டும்தான். ஸ்மார்ட் பல்பு அப்படியல்ல. "லைட்டைப் போடு" என்று ஸ்பீக்கரிடம் சொன்னால், பெரும்பாலும் உங்கள் குரல் வைஃபை வழியாக ஸ்பீக்கர் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. நீங்கள் சொன்னது என்னவென்று அங்கே கண்டுபிடித்து, பல்பு நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து கட்டளை திரும்பி வந்த பிறகுதான் உங்கள் ஹாலில் விளக்கு எரிகிறது. எல்லாம் ஓரிரு வினாடிக்குள் முடிவதால் நமக்கு இது தெரிவதில்லை.

இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும். பல்பு என்றால் பரவாயில்லை, எழுந்து போய்ச் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டிக்கொள்ளலாம். கேமராவும் வாசல் பூட்டும் அப்படியா?

கம்பெனி கைவிட்டால் என்ன ஆகும்?

சர்வர் கோளாறு சில மணி நேரத்தில் சரியாகிவிடும். கம்பெனியே கடையைக் கட்டினால்தான் உண்மையான சிக்கல்.

'ரிவால்வ்' என்றொரு கருவி இருந்தது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும். விலை சுமார் 300 டாலர். 2014-ல் அந்த நிறுவனத்தைக் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் அது வெறும் டப்பா ஆகிவிட்டது.

2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' நிறுவனம் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. கடைசியில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி, சர்வரை மீண்டும் ஓட வைத்தார்கள்.

2025 அக்டோபரில் நெஸ்டின் முதல் இரண்டு தலைமுறை தெர்மோஸ்டாட்களுக்குக் கூகுள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் கையால் திருகினால் இன்றும் வேலை செய்யும். ஃபோனிலிருந்து இயக்க முடியாது. அதற்காகத்தானே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள்?

இணையத்துக்கும் இதே கதைதானா?

"முன்ன மாதிரி இல்லப்பா, எதைத் தேடினாலும் விளம்பரம்தான் வருது" என்ற புலம்பலை இப்போது எங்கும் கேட்கலாம். இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார் கனடாவில் பிறந்த எழுத்தாளர் கோரி டாக்டரோ: 'என்ஷிட்டிஃபிகேஷன்'. 2022-ல் அவர் உருவாக்கிய இந்தச் சொல்லை, 2024-ன் ஆண்டுச் சொல்லாக ஆஸ்திரேலியாவின் மக்குவாரி அகராதி தேர்ந்தெடுத்தது.

அவர் சொல்வது இதுதான். ஒரு தளம் முதலில் பயனாளர்களுக்கு வாரி வழங்கும். நாம் வேறு எங்கும் போக முடியாதபடி பழகிய பிறகு, நம்மை வைத்து வணிகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் சலுகை செய்யும். அவர்களும் சிக்கிய பின், லாபம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும்.

ஸ்மார்ட் வீட்டிலும் இதே பாதைதான். 'விங்க்' என்ற நிறுவனம் இலவசமாக இருந்த சேவைக்கு 2020-ல் மாதம் 4.99 டாலர் சந்தா அறிவித்தது. கட்டாவிட்டால் கருவியைச் செயலி மூலம் இயக்க முடியாது என்றது. பல கேமராக்களில் பழைய பதிவைப் பார்க்க இன்று மாதச் சந்தா தேவை. பொருளுக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதைப் பயன்படுத்த வாடகையும் கட்டுகிறோம்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மூட்டுவலியால் எழுந்து நடக்க முடியாதவர்களுக்குக் குரலில் விளக்கணைப்பது ஆடம்பரம் இல்லை, உதவி. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை வெளிநாட்டிலிருந்து மகள் கேமராவில் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான். இப்படி நம்பி இருப்பவர்களைத்தான் சேவை நின்றால் அதிகம் பாதிக்கும். அதனால்தான் பார்த்து வாங்க வேண்டும்.

என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: "நெட் இல்லாட்டி இது வேலை செய்யுமா?" கடைக்காரர் மழுப்பினால், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் வீட்டில் நீங்களே சோதித்துவிடலாம். ரூட்டருக்கு வரும் இணைய இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, வைஃபை ஓடும்போது செயலியில் இயக்கிப் பாருங்கள்.

2022-ல் வெளியான 'மேட்டர்' என்ற பொதுத் தரமும், 'ஜிக்பீ' தொழில்நுட்பமும் வீட்டுக்குள்ளேயே கட்டளையை அனுப்பக்கூடியவை. கொஞ்சம் கணினி பழக்கம் உள்ளவர்கள் 'ஹோம் அசிஸ்டென்ட்' என்ற இலவச மென்பொருளைச் சிறிய கணினி ஒன்றில் நிறுவி, கம்பெனி சர்வரை நம்பாமல் பல கருவிகளை இயக்கலாம்.

இரண்டாவது, எந்த வசதிக்கெல்லாம் சந்தா? மூன்றாவது, எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இந்தக் காலத்தை நிறுவனங்கள் கட்டாயம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெட்டியிலோ இணையதளத்திலோ இருக்கிறதா என்று நாமும் தேடிப் பார்க்கலாம். நான்காவது, பூட்டு என்றால் சாதாரண சாவியாலும் திறக்க முடியுமா?

விற்கும்போது சொன்ன வசதியைப் பிறகு நிறுத்தினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்கு பில், விளம்பரத்தில் வசதிகளைப் பட்டியலிட்ட பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டும் கையில் இருக்க வேண்டும். வாங்கும் அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடும்போது அந்தப் பக்கம் இல்லாமலும் போகலாம்.