பிரசவ வலி எப்படி இயங்குகிறது? இட்லி மாவை வைத்து ஒரு விளக்கம்

இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைத்த மாவைப் பத்து மணிக்குத் திறந்து பார்த்தால் எதுவும் நடந்திருக்காது. நடுநிசியிலும் அதே மட்டம்தான். மூன்று மணிக்கு ஓரத்தில் இரண்டு குமிழி தெரியும். ஐந்து மணிக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். சமையலறையில் புழங்கிய யாருக்கும் இதில் வியப்பில்லை. முதல் ஏழு மணி நேரம் மாவு சும்மா இருந்ததாக யாரும் நினைப்பதுமில்லை. உள்ளே நுண்ணுயிர்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டிருந்தன. அதனால்தான் கடைசி இரண்டு மணி நேரத்தில் அப்படிப் பொங்க முடிந்தது.

பிரசவத்தின் வேகமும் இதுதான். நெடுநேரம் மெதுவாக நகரும், பிறகு விறுவிறுவென்று முடியும். இதை மட்டும் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ பெண்கள் முதல் பத்து மணி நேரத்திலேயே மனம் உடைந்துபோயிருக்க மாட்டார்கள். இரவு முழுக்க வலி தாங்கிவிட்டு, விடிந்ததும் "இன்னும் ரெண்டு விரல்தாம்மா திறந்திருக்கு, நடந்துட்டு வா" என்று நர்ஸம்மா சொல்லக் கேட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி. இத்தனை வலிக்கு இரண்டு விரல்தான் என்றால், மீதிக்கு எத்தனை வலி வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கே தவறு. கர்ப்பவாய் முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் விரிய ஆகும் நேரம் அதற்குப் பிறகு வரும் ஆறேழு சென்டிமீட்டருக்கு ஆக வேண்டியதில்லை.

வலி தொடங்குவதற்கு முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். மாவு பொங்க வேண்டுமென்றால் உளுந்து ஊறியிருக்க வேண்டும் அல்லவா? கர்ப்பப்பையின் கீழ்முனையில் இருக்கும் கர்ப்பவாய்தான் இங்கே ஊற வேண்டிய பொருள். ஒன்பது மாதமும் அது மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, கெட்டியாக, இறுக மூடியிருக்கிறது. குழந்தையின் எடையை அது தாங்குவது கொலாஜன் என்ற நார்ப் பின்னலின் பலத்தில். கடைசி வாரங்களில் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருள் சுரந்து அந்தப் பின்னலைத் தளர்த்துகிறது. திசுவுக்குள் நீர் சேர்கிறது. கெட்டியாக இருந்தது மெத்தென்று ஆகி, நீளம் குறைந்து, விளிம்பு மெலிகிறது. பெரும்பாலும் இது தாய்க்குத் தெரியாமலேயே நடக்கும். வாயை அடைத்திருந்த சளி, இரத்தக்கோடு கலந்து வெளியே வரும்போதுதான் ஏதோ தொடங்கிவிட்டது என்று புரியும்.

உளுந்து எத்தனை மணி நேரத்தில் ஊறும் என்பது பருப்பையும் தண்ணீரையும் பொறுத்தது. இதுவும் அப்படித்தான். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி மருத்துவர் ஒரு தேதி கொடுக்கிறார். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். "டேட் தாண்டிடுச்சே" என்று சொந்தக்காரர்கள் நாளுக்கு நாலு முறை போன் செய்வதில் அவள் பயம் கூடுவதைத் தவிர வேறு பயனில்லை. அதற்காக எவ்வளவு நாளும் விடலாம் என்றும் இல்லை. அளவுக்கு மீறி விட்ட மாவு கெட்டுப்போகிறது. நாள் கடக்கக் கடக்க நஞ்சுக்கொடியின் திறனும் குறையும். அதனால்தான் 41 வாரம் முடிந்தும் வலி வராதவர்களுக்கு வலியைத் தூண்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதே வாரங்களில் கர்ப்பப்பைத் தசையும் தயாராகிறது. தசைச் செல்களுக்கு இடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிய செல்கள் இனிமேல் ஒரே சமயத்தில் சுருங்க முடியும். அந்த இணைப்புகள் முழுமையாக அமைவதற்கு முன் வருவதைத்தான் நம் வீடுகளில் சூட்டு வலி, பொய் வலி என்கிறோம். என் அப்பத்தா அதற்குச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கச் சொல்வார். அடங்கினால் பொய் வலி, ஏறினால் நிஜ வலி. இந்தச் சோதனையில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பொய் வலி பெரும்பாலும் தணிந்துவிடும், நிஜ வலி அதற்கெல்லாம் அசையாது. வித்தியாசத்தைக் காட்டுவது சீரகம் அல்ல, அந்த ஒரு மணி நேரப் பொறுமை. ஆனால் 37 வாரம் ஆகவில்லை என்றாலோ, பனிக்குடம் உடைந்து நீர் போனாலோ, இரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, மாவு ஏன் தானாகவே வேகம் எடுக்கிறது என்ற இடத்துக்கு வருவோம். பெருகிய உயிர்கள் மேலும் பெருகுவதால் வேகம் கூடுகிறது. உடலில் பெரும்பாலான வேலைகள் இதற்கு எதிராகத்தான் நடக்கும். சூடு ஏறினால் வியர்த்துத் தணியும், சர்க்கரை ஏறினால் இன்சுலின் வந்து இறக்கும். பிரசவம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அரிய வேலைகளில் ஒன்று. குழந்தையின் தலை கர்ப்பவாயை அழுத்துகிறது. அந்தச் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகிறது. ஆக்சிடோசின் கர்ப்பப்பையை இறுக்குகிறது, தலை இன்னும் கீழே அழுத்துகிறது, இன்னும் கூடுதலாக ஆக்சிடோசின் வருகிறது. இந்தச் சுற்றை 1941-இல் ஃபெர்குசன் என்ற உடலியலாளர் முயல்களிடம் கண்டறிந்தார். அதற்கு வெகுமுன்பே, 1906-இல், பிட்யூட்டரிச் சாறு பூனையின் கர்ப்பப்பையைச் சுருக்குவதை ஹென்றி டேல் கவனித்திருந்தார். ஆக்சிடோசினைச் சோதனைச்சாலையில் உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் து வின்யோவுக்கு 1955-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒவ்வொரு வலியிலும் இன்னொன்றும் நடக்கிறது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கை கால் தசை சுருங்கினால் திரும்பப் பழைய நீளத்துக்கு வந்துவிடும். கர்ப்பப்பையின் மேற்பகுதித் தசை அப்படி முழுவதுமாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறுகியே நிற்கிறது. மேலே தசை தடிக்கத் தடிக்க, கீழே கர்ப்பவாய் மேல்நோக்கி இழுபட்டு விரிகிறது. வந்துபோன எந்த வலியும் வீணில்லை என்பதற்கு இதுதான் காரணம். முதுகின் அடியில் பிடித்து, இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து, பேச்சு நிற்கும் அளவுக்கு இறுகி, பிறகு விடும். நல்ல வலி என்றால் பத்து நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொன்றும் நாற்பது முதல் அறுபது விநாடி வரை. இறுக்கத்தின்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது, விடும்போது நிறைகிறது. வலிக்கு நடுவே வரும் இடைவேளை தாய்க்கு ஓய்வு, குழந்தைக்குப் பிராணவாயு.

மார்கழிக் குளிரில் மாவு பொங்காது. பானையைச் சாக்கில் சுற்றி, அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்போம். பெண்ணுக்கு அந்தக் குளிர், பயம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும். அது கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும் தன்மையுள்ளது. குறைமாதத்தில் வலி வந்தால் நிறுத்துவதற்குக் கொடுக்கும் சில மருந்துகள் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்த வலி மருத்துவமனை வாசல் தாண்டியதும் பதினைந்து நிமிடமாவது பலருக்கும் நடந்திருக்கிறது. எனவே லேபர் வார்டில் ஒரு பெண்ணை அதட்டுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, மருத்துவப்படியும் தவறு. "கத்தாதே" என்று சொல்லும் குரல் வலியையும் நீட்டுகிறது. கூடவே ஒருவர் இருந்து கையைப் பிடித்து, இடுப்பைத் தேய்த்து, தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும் என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். துணை இருந்த பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைந்திருந்தது, சிசேரியனும் குறைந்திருந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. அம்மாவோ அக்காவோ, யார் பக்கத்தில் இருந்தால் அவள் தோள் தளர்கிறதோ அவரை முன்பே முடிவு செய்து, கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மணிக் கணக்கு. 1955-இல் நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர், தலைப்பிரசவத்துக்கு வந்த 500 பெண்களின் கர்ப்பவாய் விரிவை வரைபடமாக்கினார். மெதுவாகத் தொடங்கி, சட்டென்று செங்குத்தாக ஏறும் கோடு அது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அதிலிருந்து மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற விதி உலகமெங்கும் பரவி, அந்த வேகத்தில் விரியாதவர்களை எல்லாம் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுத வைத்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் திருத்தியது. வேகம் எடுக்கும் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு கிடையாது. ஐந்துக்குப் பிறகும் தலைப்பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 2015–16-இல் நூற்றுக்கு 34.1 ஆக இருந்த சிசேரியன் 2019–21-இல் 44.9 ஆனது. இதற்குக் காரணங்கள் பல. முந்தைய சிசேரியன், இரத்த அழுத்தம், குழந்தை கிடக்கும் நிலை, குடும்பத்தாரின் அவசரம். மாவை அரைமணிக்கு ஒரு முறை திறந்து பார்த்து "இது பொங்காது" என்று தீர்ப்புச் சொல்வதும் அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். வலியின் ஆரம்பத்திலேயே வார்டில் சேர்ந்துவிடுபவர்களுக்கு ஊசியும் அறுவையும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தையின் இதயத் துடிப்பு சரியில்லாதபோது செய்யும் சிசேரியன் உயிரைக் காக்கிறது. அப்படிப் பெற்றவள் எதிலும் தோற்கவில்லை. நான் கேட்பது, தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது கடிகாரம் மட்டுமே காரணமாகிவிடக் கூடாது என்பதுதான்.

வலியை வரவைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் மருத்துவர் முதலில் உள்பரிசோதனை செய்து, கர்ப்பவாய் பக்குவமா என்று பார்ப்பார். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்துக்கும் மதிப்பெண் போடும் முறையை 1964-இல் எட்வர்ட் பிஷப் வகுத்தார். மதிப்பெண் குறைவென்றால் நேராக டிரிப் ஏற்றி என்ன பயன்? ஊறாத உளுந்தை எவ்வளவு ஆட்டினாலும் மாவு காணாது. அதனால் முதலில் கர்ப்பவாயைப் பக்குவப்படுத்த ஜெல் வைக்கிறார்கள், அல்லது சிறிய பலூன் குழாய் வைக்கிறார்கள். பக்குவம் வந்த பிறகுதான் ஆக்சிடோசின் டிரிப். அதைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவார்கள். அதிகமானால் வலிக்கு இடையே இடைவேளை இல்லாமல் போய் குழந்தைக்குப் பிராணவாயு குறையும். டிரிப்பில் வரும் வலி சட்டென்று கடுமையாகும். முதுகில் போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் ஊசி கிடைக்கும் இடத்தில் அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்து சென்டிமீட்டர் விரிந்ததும் மாவு உவமை நின்றுவிடுகிறது. அதுவரை தானாக நடந்தது, இனி அவள் செய்ய வேண்டியது. "முக்கும்மா, முக்கு" என்ற குரல் கேட்பதற்கு முன்பே உடல் முக்கச் சொல்லும். மலம் கழிக்கத் தோன்றும் அதே உணர்வு பலமடங்காக வரும். குழந்தை தாடையை மார்பில் புதைத்து, இடுப்பெலும்புக்குள் பக்கவாட்டிலிருந்து தாயின் முதுகுப்பக்கமாக முகம் திரும்பி, நிமிர்ந்து வெளியே வருகிறது. மண்டை எலும்புகள் ஒட்டாமல் இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறித் தலையைச் சிறிதாக்குகின்றன. தலை வெளியே தெரியும் நேரத்தில் கடும் எரிச்சல் இருக்கும். அப்போது முக்குவதை நிறுத்தி வாயால் மூச்சு விடச் சொல்வார்கள். மெல்ல வந்தால் கிழியும் வாய்ப்பு குறையும். தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரை போகலாம். தோள் தாண்டியதும் மீதி உடல் வழுக்கி வந்துவிடும்.

குழந்தை அழுததும் வீட்டார் இனிப்பு வாங்கப் போய்விடுவார்கள். பிரசவம் முடியவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் அத்தனை குழாய்களும் திறந்து கிடக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கர்ப்பப்பைத் தசை இறுகித்தான் அவற்றை நெரித்து மூடவேண்டும். அது இறுகாவிட்டால் உயிரே போகலாம். குழந்தை பிறந்தவுடன் தொடையில் போடும் ஊசி, பத்து யூனிட் ஆக்சிடோசின், இதற்காகத்தான். தொப்புள் கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் விட்டு வெட்டினால் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் இரத்தமும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

குழந்தை மார்பில் வாய் வைத்ததும் தாயின் ஆக்சிடோசின் மறுபடி ஊறுகிறது. பால் இறங்குகிறது, கூடவே அடிவயிறும் இழுத்துப் பிடிக்கிறது. கர்ப்பப்பை சுருங்கி இரத்தம் நிற்பதன் அடையாளம் அது. இரண்டாவது, மூன்றாவது குழந்தைக்கு இந்த வலி கூடுதலாக இருக்கும். மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, கட்டியாக இரத்தம் போனாலோ, தலை சுற்றினாலோ அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். நள்ளிரவாக இருந்தாலும், அவர் அப்போதுதான் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாலும்.