எண்ணோடு அலகும் வேண்டும்

உப்பளத்தில் நீரின் அடர்த்தியைப் பாமே என்ற அலகில் அளப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3. உப்பு படியத் தொடங்குவது ஏறத்தாழ 25. அலகு சொல்லாமல் 25 என்றால், ஆரோவில், மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் என் மாணவர்களே "வெப்பநிலையா, சார்?" என்று கேட்பர். தரவுத்தள அமைப்புக் கோப்பை இதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், வினவலுக்கான கால வரம்பாக வெறும் 30 என எழுதினால் அது 30 மில்லி விநாடி. உள்நுழைவுச் சரிபார்ப்பு வரம்புக்கு அதே 30 எழுதினால் 30 விநாடி. பகிர்வு நினைவகத்துக்கு 128 என்றால் 128 மெகாபைட் அன்று. வழக்கமாக 8 கிலோபைட் கொண்ட 128 தொகுதிகள், அதாவது 1 மெகாபைட்தான். (இங்கே கிலோ என்பது 1024, இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.) மதிப்பெண் பட்டியலைத் தேடும் வினவல் பாதியில் நின்றால், பழி கணினியின் மேல்தான் விழும்.

பக்கத்தில் # இட்டு 'விநாடி' என்று குறிப்பெழுதினால் போதாதா? போதாது. # குறிக்குப் பின் வருவதை மென்பொருள் படிப்பதே இல்லை. அது மனிதர் படிப்பதற்கு. அலகின் சுருக்கத்தை எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஏற்காது. குறிப்பிலோ, அந்த மதிப்பை எதற்காக மாற்றினோம் என்பதை மாணவர் எழுதட்டும்.