அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடும் முன்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பழைய அம்பாசடரில் இறங்கியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போகும், பிடிப்பும் குறையும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஷூ உரசும் சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கும் சூடேறி வழுக்குகிறது. டிஸ்க் காற்றில் திறந்து நிற்பதால் சீக்கிரம் ஆறிவிடும். முன் சக்கரத்துக்கு டிஸ்க் போடுங்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். போடலாம். ஆனால் அதையே முதல் வேலையாக வைக்காதீர்கள்.

முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறையிலிருந்துதான் ஆயில் போகும். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. இரண்டு அறை உள்ள டேன்டம் சிலிண்டர் இருந்தால், முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இப்படிப் பிரிந்த ஆயில் வழி கட்டாயம். கையில் இருக்கும் பணம் ஒரு மாற்றத்துக்குத்தான் போதும் என்றால், நான் இதைத்தான் செய்வேன்.

பிறகு டிஸ்க். டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து இறுக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அழுத்தம் அதிகம் வேண்டும். பூஸ்டர் இல்லையென்றால் பெடல் கல்லாக இருக்கும். இன்னொன்று, டிரம்முக்கான ஆயில் வழியில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்கை இணைத்தால் பேட் ஓயாமல் உரசி, சில கிலோமீட்டரிலேயே சக்கரம் கொதிக்கும். பின் சக்கர அழுத்தத்தைக் குறைக்கும் வால்வையும் விட்டுவிடாதீர்கள். பிரேக் அடிக்கும்போது வண்டியின் எடை முன்னே சாய்ந்துவிடும். லேசாகிப்போன பின் சக்கரம் முதலில் ஜாம் ஆனால் வண்டி சுழன்றுவிடும்.

டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, காலடியில் பஞ்சு போன்ற பெடல். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, ஏர் எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மலைக்குக் கிளம்பாதீர்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பாருங்கள், பிறகு 40. இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையை நீட்டுங்கள். முன்பக்கம் இரண்டில் ஒன்று மட்டும் அனலடித்தால், வண்டியைத் திரும்ப மெக்கானிக்கிடம் விடுங்கள்.