அறை எடுத்த இடம் – 9: பள்ளிவாசல் பக்கத்து மொட்டைமாடி

ராமநாதபுரம் ராஜாவின் ராயப்பேட்டை பங்களா 1938-இல் உட்லண்ட்ஸ் ஆன கதை போன வாரத்தோடு முடிந்தது. விட்டுப்போனவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் திருவல்லிக்கேணி பிராட்லண்ட்ஸ். படப்பையிலிருந்து தாம்பரத்துக்கு பஸ், பூங்கா நிலையம் வரை மின்சார ரயில், பிறகு சாலையைக் கடந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். "ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துடலாமே, எதுக்கு அங்க போய் ரூம் போடணும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தத் தொடர் நடக்கும்வரை அதற்குப் பதில் கிடையாது.

வல்லப அக்ரஹாரம் தெரு என்றால் ஆட்டோக்காரர் யோசிப்பார். ஸ்டார் டாக்கீஸ் என்றால் வண்டியைக் கிளப்பிவிடுவார். பிராட்லண்ட்ஸ் 1951-இலிருந்து தங்கும் விடுதி. பழைய பெரிய வீடு. முற்றங்களைச் சுற்றி அறைகள், வெள்ளையும் வெளிர்நீலமுமாகச் சுவர்கள். முதுகில் மூட்டையோடு நாடு சுற்ற வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பல காலம் மனப்பாடமான முகவரி. சுற்றுவட்டார மேன்ஷன்களிலோ வேலை தேடி வந்த நம் பையன்கள், ஓர் அறைக்கு நாலு பேராக.

அறையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மொட்டைமாடிக்குப் போனது வினையாயிற்று.

பக்கத்திலேயே வாலாஜா பெரிய பள்ளிவாசல். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பம் 1795-இல் கட்டியது. அந்த அக்டோபரில் நவாப் காலமானார். கருங்கல் கட்டடம். மரமோ இரும்போ சேர்க்காமல் கட்டியது என்பார்கள். காயிதே மில்லத்தின் அடக்கத்தலம் இந்த வளாகத்தில்தான். இதெல்லாம் தெரிந்த செய்தி. எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கவிதையொன்று அங்கே கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் நவாபின் செயலாளர் ராஜா மக்கன் லால் கிராத். இந்து.

ஆண்டை அவர் எண்ணால் எழுதவில்லை. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு: அலிஃப் 1, லாம் 30, ஹே 5. 'அல்லாஹ்' என்ற ஒரு சொல்லைக் கூட்டினால் 66. இப்படி இறைவனைப் போற்றும் சொற்றொடர் ஒன்றைப் பிடித்து, அதன் எழுத்துகளைக் கூட்டினால் 1209 வரும்படி செய்திருக்கிறார் மனிதர். அது ஹிஜ்ரி ஆண்டு. நம் கணக்கில் 1794-95. பொருளும் பிசகக்கூடாது, யாப்பும் பிசகக்கூடாது, கூட்டலிலும் ஒன்று குறையக்கூடாது! கட்டிலில் உட்கார்ந்து சாப்பாட்டு பில்லின் பின்பக்கத்தில் நானும் கூட்டிப் பார்த்தேன். 1209 வந்துவிட்டது. நட்சத்திர ஹோட்டலில் இது நடக்காது. அங்கே ஜன்னலே திறக்காது. இருக்க விடாமல் வெளியே துரத்தும் அறைதான் நல்ல அறை என்பது என் கட்சி.

ரமலானில் இங்கே நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள். மக்கன் லாலுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

இன்னொன்று. படப்பையில் எங்கள் வீட்டு முன்னால் ஓடுவது வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் இதே நவாப்தான். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து பஸ் ஏறும் நாங்கள் யார் இந்த வாலாஜா என்று கேட்டதில்லை.

அறை எங்கே என்கிறீர்களா? அடுத்த வாரம், கொசுவலையிலிருந்து குளியலறைவரை. ஒரகடம் ஆலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களை நம்பி எங்கள் பக்கம் முளைத்த தங்கும் விடுதிகள் அதற்கடுத்த வாரத்துக்குப் போகின்றன. ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.