நண்டுக்கறிக்குப் பனங்கள்ளு

இலங்கையின் மன்னார்க் கரையில் சிலாவத்துறையைத் தாண்டித் தெற்கே போனால், வில்பத்துக் காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது முள்ளிக்குளம். கரைவலை இழுத்தும் வயல் செய்தும் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழ்க் குடிகளின் ஊர். இந்தக் கரையின் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் நண்டு, இறால், கருவாடு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கூடக் குடிக்கிற பனங்கள்ளைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தை விடவேண்டும் என்பதே என் கட்சி.

ஸ்பெயினில் அப்படிக் கூச்சம் இல்லை. அந்நாட்டின் தெற்கே, குவாதல்கிவிர் ஆறு அத்திலாந்திக் கடலில் சேரும் இடத்தில் சான்லூக்கர் என்றொரு துறைமுக ஊர் உண்டு. அங்கே பலோமினோ திராட்சையில் செய்யும் மன்சனீயா வைனைப் பீப்பாயின் விளிம்புவரை நிரப்புவதில்லை. விட்ட இடத்தில் ஈஸ்ட் படர்ந்து வைனின்மேல் ஆடை கட்டும். கடற்காற்றின் ஈரத்தில் அந்த ஆடை தடிப்பாக நின்று, வைனில் நேரே காற்றுப் படாமல் காக்கும். குடித்தால் லேசாக உப்புக் கரிப்பதுபோல் இருக்கும். ஊர்க்காரர்கள் அதைக் குளிரவைத்து, உப்புநீரில் அவித்த இறாலோடும் பொரித்த சின்ன மீனோடும் குடிக்கிறார்கள். 1964 முதல் மன்சனீயா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேறு ஊரில் முதிரவைத்த வைனை அந்தப் பெயரில் விற்க முடியாது.

நம் கள்ளும் மண்ணாலும் காற்றாலும் ஆனதுதான். சீவல் தொழிலாளி பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் மரமேறி நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டி கட்டுகிறார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கிடைப்பது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் முட்டி மரத்தில் தொங்கும்போதே ஈஸ்டும் பக்டீரியாவும் சேர்ந்து சாற்றைக் கள்ளாக்கிவிடும். இறக்கியவுடன் விளிம்புவரை நுரை தள்ளும். தேனீயும் எறும்பும் மிதக்கும். பன்னாடையில் வடித்தால் பால்நிறம். காலைக் கள்ளில் இனிப்புத் தூக்கலாக இருக்கும், மத்தியானம் புளிப்பு ஏறும், அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போய்விடும். மன்சனீயாவுக்குப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கு என்றால் இதற்கு ஒரு பகல்தான் ஆயுள். அதனால்தான் வெளியூர்க்காரருக்கு இதன் நல்ல ருசி தெரிவதில்லை.

கள்ளில் மதுச்சத்து ஏறக்குறைய 5 சதவீதம். கடும் மதுவோடு மிளகாய்க் கறி சாப்பிட்டால் நாக்கின் எரிவு கூடும். சாராயம் குடித்துவிட்டு இருப்பவருக்குக் கறியின் ருசி எங்கே தெரியப்போகிறது? கள்ளில் மிஞ்சியிருக்கும் இனிப்புக் காரத்தைத் தணிக்கும், புளிப்புத் தேங்காய்ப்பாலின் கொழுப்பை வெட்டும். முருங்கையிலை போட்டு இறக்கிய நண்டுக்கறிக்குக் காலைக் கள்ளு. கணவாய்ப் பிரட்டலுக்கும் சுட்ட கருவாட்டுக்கும் புளிப்பேறிய மத்தியானக் கள்ளு. நான் வைக்கிற வரிசை இது. ஒடியல் கூழ் தனி விஷயம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவோடு நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயித்தங்காய், பழப்புளி எல்லாம் கொதித்து, பனையோலைப் பிளாவில் ஆவி பறக்க வரும்போது, பனையும் கடலும் ஏற்கெனவே சேர்ந்துவிடுகின்றன. பக்கத்தில் கள்ளு இல்லாவிட்டாலும் குறையில்லை. கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மாவில் சுட்ட அப்பத்தையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது.

குடியால் அழிந்த வீடுகள் இந்தக் கரையிலும் உண்டு. அந்த வீட்டுப் பெண்களின் கோபம் நியாயமானது. ஆனால் எல்லாக் குடியையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே கடும் மதுவை அரசே கடை போட்டு விற்கிறது. பனையேறிகளின் பிழைப்புத்தான் போனது. இலங்கையின் வடக்கில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சேர்த்து விற்பதால், இங்கே இந்தத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஊரின் பெயரால் ஒரு பானமும் சாப்பாடும் நிலைக்கவேண்டும் என்றால், அந்த ஊரில் ஆட்கள் இருக்கவேண்டும். முள்ளிக்குளத்து மக்கள் உள்நாட்டுப் போரின்போது, 2007 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய ஊரில் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் வந்தது. போர் முடிந்த பிறகும் வீடு திரும்ப வழியில்லாமல் மலங்காடு என்ற இடத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2017இல் வாரக்கணக்கில் தெருவில் இருந்து போராடிய பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி ஒரு பகுதி நிலத்தை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. காணியும் கரைவலைப் பாடும் கையில் இல்லாத இடத்தில் என்ன சமையல் மரபு மிஞ்சும்? சான்லூக்கருக்குக் கிடைத்த சட்டத்தைப் பற்றிப் பேசுமுன், முள்ளிக்குளத்துக்குரிய நிலத்தை முழுசாகக் கொடுக்கவேண்டும்.

மன்னாருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குடிக்கிற பழக்கம் இருந்தால், போத்தல் சாராயத்தைத் தேடாமல், அன்று இறக்கிய கள்ளை நண்டுக்கறியோடு கேளுங்கள். பனை உயரமான மரம், தவறினால் உயிர் போகும். ஏறி இறக்கியவரிடம் பேரம் பேசாதீர்கள்.