கொடுவாவும் தூண்டிலும்

கொடுவா தூண்டிலை அறுத்துக்கொண்டு போயிற்று என மாணவர் சிலர் முறையிடக் கேட்டிருக்கிறோம். அறுப்பது அதன் பல்லன்று. கத்திபோற் கூரிய செவுள்மூடியே. மீன் துள்ளித் தலையை உதறுங்கால் மெல்லிய தங்கூசி நொடியில் அறுபடும். ஆதலின் முள்ளுக்கு மேலே ஒரு முழமளவு தடித்த தங்கூசி இணைத்தல் இன்றியமையாதது.

கடல்நீரேரிகளிலும் கழிமுகங்களிலும் வாழும் இம்மீன் பாலத்தூண், கண்டல்வேர் ஆகியவற்றின் நிழலில் மறைந்திருந்து, நீரோட்டம் கொணரும் இரையை வாய்திறந்து உறிஞ்சிக்கொள்ளும். எனவே பெருக்கோ வற்றோ ஓடும் வேளையில் உயிருள்ள இறாலையோ சிறு திரளியையோ ஓட்டத்தோடு அந்நிழலருகே செல்லவிடுதல் வேண்டும். நின்ற நீரில் காத்திருப்பது வீண்.

முள்ளின் நுனி உள்நோக்கி வளைந்ததாயின் மிக நன்று. வெடுக்கென இழுத்தல் ஆகாது. சீராக இழுப்பின் அது கடைவாயில் தானே தைக்கும். முள்ளை விழுங்கிய மீன் பிழைப்பது அரிது.

பிழைக்கவேண்டும் என்பதற்குக் காரணமுண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாய் வளர்ந்து, சில ஆண்டுகளின் பின்னரே பெண்ணாய் மாறும். ஆகவே மிகப் பெரியவை ஏறக்குறைய யாவும் இலட்சக்கணக்கில் முட்டையிடும் தாய்மீன்களே. குழம்புக்கு நடுத்தரமானது போதும்; சுவையும் அதற்கே என்பது எம் கட்சி. பத்துக் கிலோவுக்கு மேற்பட்டதை நீரிலேயே முள் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் தாங்கிப் பிடித்து, அது தானே வாலை வீசியதும் விட்டுவிடுக.